குதிரை இல்லாத இரட்டைக் குழல்: பிறவியிலேயே இல்லையா, பிறகு கழற்றினார்களா?

கேள்வி, 2024 பிப்ரவரி 3

தாத்தா வைத்திருந்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி இப்போது பெரியப்பா பெயரில் லைசென்சில் இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தாத்தாவுக்கு விற்றதாம். வெளியே குதிரைகள் (விழுந்து அடிக்கும் ஹேமர்கள்) இல்லை. குழலில் அலை அலையாகக் கோடு. குழல்களுக்கு நடுவே மேலே சென்னைக் கடை ஒன்றின் பெயர். விசை வளையத்தை ஒட்டிக் கீழே ஒரு லீவர், அதைப் பக்கவாட்டில் திருப்பினால் குழல் மடங்குகிறது. இரண்டு பக்கத் தகட்டிலும் பத்துப் பைசா அளவுக்கு ஒரு வட்டம் மங்கலாகத் தெரிகிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பார்த்துவிட்டு, "1870-ல் செய்தது, உலகத்திலேயே முதல் ஹேமர்லெஸ், லட்சக்கணக்கில் போகும்" என்கிறார். உண்மையா அண்ணா?

பிப்ரவரி 3, இரவு

இல்லை தம்பி.

"உலகத்திலேயே முதல்" என்பதை முதலில் கழித்துவிடுங்கள். ஜெர்மனியில் ட்ரைசே என்பவரின் ஊசித் துப்பாக்கிகள் (நீள ஊசி தோட்டாவுக்குள் குத்தி வெடிக்க வைப்பவை) அதற்கு வெகு முன்பே வெளியே குதிரை இல்லாமல் வந்தாயிற்று. இங்கிலாந்தில் நீடம் என்பவர் 1852-லேயே ஊசி வகைக்குக் காப்புரிமை எடுத்திருக்கிறார். லண்டன் ஹேமார்க்கெட்டில் கடை வைத்திருந்த முர்காட் 1871-ல் காப்புரிமை எடுத்ததுதான் இங்கிலாந்துச் சந்தையில் நன்றாக ஓடிய முதல் குதிரையில்லா வகை. அதற்கு "எலிப்பொறி" என்று பட்டப்பெயர். உங்களுடையது அதுவும் இல்லை.

அந்த வட்டம் ஒன்றே போதும். அங்கே ஒருகாலத்தில் குதிரை உட்கார்ந்திருந்தது. யாரோ பிடுங்கிவிட்டு ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். கீழே உள்ள லீவர், குழலை இறுக்கிப் பிடிக்க 1859-ல் ஹென்றி ஜோன்ஸ் காப்புரிமை எடுத்த அமைப்பு. அது குதிரை வைத்த துப்பாக்கியில்தான் வரும். ஆக, ஒட்டுவேலை. வியாபாரிக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

படம் அனுப்புங்கள். அதற்கு முன் பெரியப்பாவையே எடுக்கச் சொல்லி, இரண்டு குழலும் காலியா என்று மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 5

முந்தாநாள் அவசரத்தில் சுருக்கமாக எழுதிவிட்டேன். ஏன் மாற்றினார்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

குதிரை வைத்த துப்பாக்கியில் பூட்டுத்தகட்டுக்குள்ளே (பூட்டு என்பது சுடும் பொறி, அதை மூடும் பக்கத் தகடு இது) ஒரு துண்டு சுழலும். டம்ளர் என்பார்கள் (காப்பி டம்ளர் அல்ல). அதன் அச்சு தகட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே சதுரமாக நீளும். அந்தச் சதுரத்தில் குதிரையை மாட்டி ஸ்க்ரூ போடுவார்கள். விசையை இழுத்தால் உள்ளே வில் தள்ள, டம்ளர் சுழல, வெளியே குதிரை விழுந்து ஊசியின் தலையில் அடிக்கும். ஊசி சாய்வாகப் போய்த் தோட்டாவின் நடுவைக் குத்தும். சுடுமுன் இரண்டு குதிரையையும் கட்டைவிரலால் ஏற்ற வேண்டும்.

1875-ல் பர்மிங்ஹாம் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் துப்பாக்கிக் கம்பெனியில் இருந்த ஆன்சன், டீலி இருவரும், குழலை மடிக்கும்போதே உள்ளே இருக்கும் குதிரை தானாக ஏறும்படி செய்தார்கள். 1880-ல் பீஸ்லி என்பவர் தன் குதிரையில்லா வடிவத்தைப் பர்டே என்ற லண்டன் பட்டறைக்கு விற்றார். 1883-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் "ராயல்" வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் குதிரை வைத்தது பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. கையில் இருப்பதோ நல்ல துப்பாக்கி, குழல் திடமாக இருக்கிறது, தோளுக்கும் பழகிவிட்டது. பட்டறையில் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். நம் ஊரில் பெட்ரோல் அம்பாசடருக்கு டீசல் என்ஜின் போட்டுக்கொண்ட மாதிரி.

ஆனால் மாற்றுவது சின்ன வேலை இல்லை. குதிரையைக் கழற்றினால் போதாது. உள்ளேயே அடிக்கும் மூக்கு வைத்த புது டம்ளர் வேண்டும். ஊசி போகும் பழைய சாய்வுத் துளையை அடைத்துப் புதுத் துளை போட வேண்டும். உள்ளே உள்ளதை ஏற்றுவதற்குக் குழலிலிருந்தோ லீவரிலிருந்தோ ஒரு கம்பி வர வேண்டும், அதற்கு ஆக்ஷனில் (குழல் வந்து பொருந்தும் இரும்பு உடலில்) பள்ளம் வெட்ட வேண்டும். ஏறியிருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாது என்பதால் சேஃப்டி ஒன்று வைத்தாக வேண்டும். இத்தனை இடத்திலும் தடயம் விழும். பார்க்கத் தெரிந்தால் துப்பாக்கி தானே சொல்லிவிடும்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

"குதிரை என்றால் விசைதானே, விரலால் இழுப்பதுதானே" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். நான் சொல்வது மேலே நின்று கீழே விழுந்து அடிப்பதை. விரல் படுவதை விசை என்றே எழுதுகிறேன். வீணையில் தந்தியைத் தாங்குவதும் குதிரைதான், யாரும் அதன் மேல் ஏறுவதில்லை.

பிப்ரவரி 6

என் தப்பு ஒன்று. ஜோன்ஸ் லீவர் குதிரை வைத்ததில்தான் வரும் என்று எழுதினேன். சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் யானை, காட்டெருமைக்கென்று செய்த கனத்த இரட்டை ரைபிள்களில், குதிரையை உள்ளே வைத்த பிறகும் அந்த லீவரை விடாமல் வைத்திருந்தார்கள். அது குழலை இறுக்கிப் பிடிக்கும், வெடிவேகத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கை. எனவே லீவரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வட்டம் பற்றிச் சொன்னது நிற்கிறது.

பிப்ரவரி 11

படங்கள் வந்தன. பெரியப்பாவுக்கு நன்றி, மேஜை மேல் வெள்ளைத் துண்டு விரித்து எடுத்திருக்கிறார். பலருக்கு அந்த நிதானம் வராது.

சென்னைக் கடைப் பெயரைப் பற்றி முதலில். மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ் என்றால் நமக்குக் கடிகாரம்தான் ஞாபகம் வரும். அவர்கள் பெயரும் ஓக்ஸ் கம்பெனி பெயரும் பொறித்த துப்பாக்கிகள் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. கல்கத்தாவில் ராடா, மாண்டன். இவர்கள் பெயர் இருந்தால் விற்றவர் யார் என்று தெரியும். செய்தவர் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் பெயர் போடாமல் உழைத்த யாரோ. அதனால் அந்தப் பெயரை வைத்து "அசல்" என்றும் சொல்ல முடியாது, "போலி" என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது குழலின் அடித்தட்டை. குறுக்காக இரண்டு செங்கோல், மேலே கிரீடம், BPC என்ற எழுத்துக்கு... தமிழிலேயே எழுதிவிடுகிறேன், பி-பி-சி (வானொலி இல்லை, பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ், குழல் வெடியைத் தாங்குமா என்று சோதித்து முத்திரை அடிக்கும் இடம்). பக்கத்தில் "நாட் ஃபார் பால்" என்று தெளிவாக இருக்கிறது. உங்கள் படங்களிலேயே விலை உயர்ந்தது அதுதான். வாய் குறுகிய சோக் குழல்களுக்கு, இதில் தனிக் குண்டு போட்டுச் சுடாதே என்று 1875 முதல் 1887 வரை மட்டும் அடித்த முத்திரை அது. 1887-க்குப் பிறகு "சோக்" என்று அடித்தார்கள், தோட்டா அளவை வைர வடிவக் கட்டத்துக்குள் போட்டார்கள். உங்கள் குழலில் வைரக் கட்டம் இல்லை. ஆக, குழல் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள் சோதனைக்குப் போயிருக்கிறது. வியாபாரியின் 1870 அடிபட்டுப் போயிற்று.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த முத்திரை குழலுக்குத்தான் பிறந்த சான்றிதழ். பூட்டை எப்போது மாற்றினார்கள் என்று அது சொல்லாது.

நைட்ரோ (புகையில்லா மருந்து) சோதனை முத்திரை எதுவும் கண்ணில் படவில்லை. அது 1896-க்குப் பிறகு வந்த பழக்கம். அதாவது இந்தக் குழல் கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டது. இன்றைய கடைத் தோட்டாவை இதில் போடவே கூடாது. தாத்தா போட்டார், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல வேண்டாம்.

பிப்ரவரி 12

அலைக்கோட்டைப் பார்த்துவிட்டு "டமாஸ்கஸ், நம்ம கொடுமணல் எஃகு" என்று ஒருவர் மார் தட்டியிருக்கிறார். கொடுமணலுக்குப் பெருமை உண்டு, அது வேறு. குழலில் தெரிவது இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் அடுக்கி முறுக்கி, கம்பியின் மேல் சுருட்டிச் சூட்டில் அடித்துச் சேர்த்ததால் வரும் கோலம். மூசையில் உருக்கிய எஃகில் வரும் கோடு அது இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

பிப்ரவரி 17

"மாற்றியதை எப்படிக் கண்டுபிடிப்பது, நீங்கள் ஏமாந்ததில்லையா" என்று கேட்கிறார்கள். ஏமாந்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் டூல் ரூமில் பழகிவிட்டு, இங்கே பர்மிங்ஹாம் வந்து இருபத்தாறு வருஷம். சனிக்கிழமைகளில் பழைய துப்பாக்கி பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கூலி இல்லாத எடுபிடி. அவர் சொல்லித் தந்தது ஒன்றுதான்: அந்தக் காலத்துக் கைகளுக்கு இரும்பை எடுக்கத் தெரியும், சேர்க்க முடியாது. அரம் போட்டால் குறையும், கூடாது. அதனால் குழலின் பின்வாயை ஒட்டி இருபுறமும் உள்ள மேட்டைப் பார் என்பார். பிறவியிலேயே குதிரை இல்லாததில் அது உருண்டு திரண்டு பந்து மாதிரி இருக்கும். குதிரை இருந்ததில் அடி விழுவதற்காகச் சரித்து வெட்டியிருப்பார்கள். மாற்றியவன் அந்தச் சரிவை நிரப்ப முடியாது, இருப்பதைத் தேய்த்துச் சமாளிப்பான். மேடு சப்பையாக, ஏதோ பசித்த கன்னம் மாதிரி தெரியும்.

பிறகு ஸ்க்ரூக்கள். நல்ல பட்டறையில் எல்லா ஸ்க்ரூவின் வெட்டும் குழலின் போக்கிலேயே நேராக நிற்கும். புதிதாகப் போட்டது எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். (நீங்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்த வெட்டு முடி மாதிரி மெலிசு. கடையில் வாங்கிய டிரைவர் ஒரே திருப்பில் நூற்று நாற்பது வருஷ வேலையைக் கெடுத்துவிடும்.)

ஏமாந்த கதைக்கு வருகிறேன். இங்கே ஓர் ஏலத்தில், பெயர் வேண்டாம், "பிரபல பட்டறை, ஆரம்பகால ஹேமர்லெஸ்" என்று போட்டிருந்தார்கள். கை தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தால், பூட்டுத்தகட்டில் மணல் துளைகள் மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. கரண்டு வைத்துப் பற்றவைத்து நிரப்பியிருக்கிறார்கள், அதாவது சமீபத்து வேலை. அதன் மேல் புதிதாகக் கொத்திய இலை, பக்கத்துப் பழைய இலையைவிடக் கூர்மை. பெயரும் புதுசு. திருப்பிக் கொடுக்கக் கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் முன்பு வாங்கியதுதான் என் செல்லம். பக்கத்தகடு வைத்தது, குழலை மடித்தால் ஏறும். அது சந்தேகத்துக்கு இடமில்லாத அசல். ஒப்பிட வசதியாக நாளை அதைக் கழற்றிப் படம் போடுகிறேன்.

பிப்ரவரி 18

கழற்றினேன். பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 25

சரி, எழுதித்தான் ஆக வேண்டும்.

என் செல்லமும் மாற்றியதுதான்.

தகட்டில் ஒரு பூ கொத்தியிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில். அழகு என்று பதினோரு வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். உங்கள் வட்டத்தைப் பார்த்த கண்ணோடு போய்ப் பார்த்தபோது, பூ சரியாகக் குதிரை அச்சு வர வேண்டிய இடத்தில் இருக்கிறது. தகட்டைப் புரட்டினால் உள்பக்கத்தில் மரை வெட்டிய அடைப்பின் விளிம்பு கோடாகத் தெரிகிறது. ஓட்டையை மறைக்கத்தான் பூ.

இன்னொன்று இதைவிட வலித்தது. குழல் வந்து உட்காரும் ஆக்ஷனின் தட்டையிலும் சோதனை முத்திரை அடிப்பார்கள். என்னுடையதில் கிரீடம் பாதிதான் இருக்கும். அடித்தவன் கை வழுக்கியிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். லென்ஸில் பார்த்தால் அது தேய்வே இல்லை. ஏற்றும் கம்பிக்காக வெட்டிய பள்ளத்தின் ஓரம் கிரீடத்தை நடுவில் அறுத்துக்கொண்டு போகிறது. முத்திரை முதலில், பள்ளம் பிறகு. பிறவியிலேயே அப்படி என்றால் பள்ளம் வெட்டி முடித்த பிறகுதான் சோதனைக்குப் போயிருக்கும், முத்திரை பள்ளத்தைத் தள்ளி விழுந்திருக்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எண்களை நம்பித்தான் ஏமாந்தேன். விசை வளையத்து வாலில், குழலில், ஆக்ஷனில், எல்லாவற்றிலும் ஒரே எண். "எல்லாம் பொருந்துகிறது" என்று வாங்கினேன். பொருந்தத்தான் செய்யும், அதே துப்பாக்கியைத்தானே மாற்றியிருக்கிறார்கள். முன்கட்டையின் இரும்பில் மட்டும் எண் இல்லை. அதைப் புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல கை" என்றார். அவ்வளவுதான். ஆறுதலா கிண்டலா என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 25, இரவு

தூக்கம் வரவில்லை. முதல் நாள் உங்களுடையதை "ஒட்டுவேலை" என்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தச் சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் துப்பாக்கிக்கு நேர்ந்ததால்தான் மனசு மாறியது என்று சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

ஏலத்தில் ஏமாந்தது வேறு, இது வேறு. அங்கே விற்பதற்காக வரலாற்றையே மாற்றினார்கள். இங்கே சொந்தக்காரர் ஒருவர் தன் துப்பாக்கியைப் புது மோஸ்தருக்கு மாற்றிக்கொண்டார், யாரையும் ஏமாற்றவில்லை. அடைப்பு எப்படிப்பட்டது என்பதில்தான் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். மரை போட்டு இறுக்கி, தட்டி, அரம் போட்டு, அதன் மேல் கொத்துவேலை செய்து, பிறகு தகடு முழுவதையும் சேர்த்துக் கடினமாக்கியிருந்தால், பூவும் பக்கத்து இலையும் ஒரே அளவு தேய்ந்திருக்கும். நூறு வருஷம் ஒரே கை தடவிய தேய்வு. பற்றவைத்த புள்ளி, கூர்மையான இலை, மருந்து தடவி வரவழைத்த ஒரே சீரான பழுப்பு என்றால் தள்ளி வைத்துவிடுங்கள்.

மார்ச் 2

புதுப் படங்களைப் பார்த்தேன். பிடியின் மேல் உள்ள சேஃப்டி தள்ளும் பட்டன் ஓர் இலையின் நடுவில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கொத்தியவன் அங்கே பட்டன் வரும் என்று தெரிந்திருந்தால் இலையை வளைத்திருப்பான். மேடு சப்பை. மேட்டின் உச்சியில் பழைய ஊசித் துளையின் அடைப்பு மோதிரம் போல் தெரிகிறது, அதைச் சுற்றி மட்டும் துரு வேறு நிறம். தகட்டு வட்டத்தின் மேல் பழைய கோடு தொடரவில்லை, ஆனால் வட்டத்துக்குள் இருக்கும் புதுக் கோடும் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. புள்ளிகள் இல்லை.

என் முடிவு: 1875-க்கும் 1887-க்கும் நடுவில் குதிரையோடு பிறந்தது. பிறகு ஏதோ ஒரு நல்ல பட்டறையில், வெகு காலம் முன்பே குதிரையை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்திலா சென்னையிலா என்று படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். தகட்டின் உள்பக்கத்தை யாராவது முறையாகத் திறக்கும் நாளில் கீறிய எழுத்து ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

பர்டே, ஹாலண்ட் மாதிரிப் பெயர் என்றால் எண்ணைக் கொடுத்தால் அவர்கள் பழைய பேரேட்டைப் பார்த்து எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, இரும்பைத்தான் படிக்க வேண்டும்.

லைசென்ஸ் பற்றி: "பழசு, அதனால் லைசென்ஸ் வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுடையது சுடக்கூடிய நிலையில் இருக்கிறது. 12 போர் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது. இங்கே இங்கிலாந்திலும் அதே காரணத்தால் என்னுடையது சர்டிஃபிகேட்டில்தான் இருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் ஒருவர் பெயரில் இரண்டுக்கு மேல் கூடாது, தாத்தா வழி வந்ததும் அந்தக் கணக்கில்தான் சேரும். பெரியப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20

அதே வியாபாரி திரும்ப வந்தாராம். இப்போது "மாற்றியது என்று தெரிந்துவிட்டதே, இரும்பு விலைக்குத் தாருங்கள்" என்கிறாராம். இதை எங்கே படித்தார் என்று தெரியவில்லை, ஒருவேளை இங்கேயே இருக்கலாம். வணக்கம்.

பிறவி ஹேமர்லெஸ்ஸின் விலை இதற்கு வராது, உண்மை. ஆனால் இந்த மாதிரி மாற்றியவை குறைவு. ஃப்ளிண்ட்டை (தீக்கல்) வெடிக்கும் கேப்புக்கு மாற்றியது, பின்ஃபயரை (தோட்டாவின் பக்கத்தில் ஊசி நீட்டியது) நடுவில் குத்தும் நடுவெடிக்கு மாற்றியது எல்லாம் நிறையப் பார்க்கலாம். குதிரையை உள்ளே அனுப்பியது நான் கையில் எடுத்துப் பார்த்தவரை நாலுதான், அதில் ஒன்று என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பெரியப்பா தகட்டை ப்ராஸோ போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். அந்த வட்டம் அப்படியே இருக்கட்டும். எண்ணெய்த் துணியால் ஒரு துடை, போதும்.